புறமுதுகுப் பாய்ச்சல்

எந்தப் பள்ளிக்கூட மைதானத்திலும் இதைப் பார்க்கலாம். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மூன்றாவது பிள்ளை சாய்வாக ஓடிவந்து, கயிற்றுக்குப் பக்கமாக இருக்கிற காலை முதலில் வீசி, மற்றக் காலை அதன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து மணலில் நின்றவாக்கிலேயே இறங்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பச்சைக்குதிரை தாண்டக் கற்றுக்கொள்வதைப் போல அதுவாக வந்துவிடுகிறது. கால்கள் இரண்டும் கத்தரிக்கோலின் அலகுகள் மாதிரி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதால் இதற்குக் கத்தரி முறை, ‘சிசர்ஸ்’ என்று பெயர். பி.டி. மாஸ்டர்கள் இதை ஒரு முறையாகவே மதிப்பதில்லை. தொடக்கத்தில் பயம் தெளிவதற்கு, அவ்வளவுதான்.

இன்றைய உயரம் தாண்டும் வீரர்கள் தாண்டுவதோ நேர் எதிராக இருக்கிறது. வளைந்து ஓடிவருகிறார்கள்; கம்பியை நெருங்கியதும் அதற்கு முதுகைக் காட்டி எழும்புகிறார்கள்; தலை முதலில், தோள் அடுத்து, வில்லாக வளைந்த இடுப்பு அதற்கடுத்து, கடைசியில் கால்கள் என்று கம்பியைக் கடந்து மெத்தையில் பிடரியும் தோளும் பட விழுகிறார்கள். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்க மாணவர் இப்படித் தாண்டித் தங்கம் வாங்கினார், உலகம் மாறிவிட்டது என்பது நமக்குச் சொல்லப்படும் கதை. கதையில் பொய் இல்லை. ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுப்போகின்றன. அந்தப் பாய்ச்சல் வானத்திலிருந்து குதித்ததல்ல. பயிற்சியாளர்கள் எப்போதோ மூட்டைகட்டி ஓரமாய் வைத்துவிட்ட கத்தரி முறையின் வயிற்றில் பிறந்தது. இன்னொன்று, உயரம் தாண்டுதலின் வரலாற்றைக் கம்பிக்கு மேலே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் புரியாது. கம்பிக்கு அந்தப் பக்கம் தரையில் என்ன கிடந்தது என்றும் பார்க்க வேண்டும்.

தரையில் முதலில் புல்தான் கிடந்தது. வசதியுள்ள இடத்தில் மணல். 1876இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மார்ஷல் புரூக்ஸ் லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானத்தில் 6 அடி 2½ அங்குலம், அதாவது 1.89 மீட்டர் தாண்டினார். அன்றைக்கு அது பெரிய செய்தி. அப்படித் தாண்டுகிறவர் காலூன்றி இறங்கியே ஆகவேண்டும். இல்லையென்றால் கையோ கழுத்தோ போய்விடும். ஆக, உடம்பு எவ்வளவு உயரே போனாலும் கால்கள் தரையைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கத்தரி முறையின் குறை அதுதான். கம்பிக்கு மேலே ஆள் ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் இருப்பார். இடுப்புக்கு மேலுள்ள உடம்பு முழுவதும் வீணாக உயர்த்தப்பட்ட பாரம்.

அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மைக்கேல் ஸ்வீனி அந்தப் பாரத்தைச் சாய்த்துப் பார்த்தார். கத்தரிபோலவே எழும்பி, உச்சியில் முதுகைப் பின்னால் சாய்த்துப் படுத்து, உடம்பைத் திருப்பிக் கம்பியைப் பார்த்தபடி காலில் இறங்குவது அவர் முறை. ‘ஈஸ்டர்ன் கட்-ஆஃப்’ என்றார்கள். 1895இல் நியூயார்க்கில் அவர் தாண்டிய 1.97 மீட்டரை 17 ஆண்டுகள் யாரும் கடக்கவில்லை. இங்கே ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்: கத்தரி முறை 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே கம்பிக்கு மேல் மல்லாக்கச் சாயத் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். முதுகு மணலில் அடித்திருக்கும் என்பது பதில்.

பாதை பிரிந்தது 1912இல். ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஜார்ஜ் ஹோரைன், வீட்டுக் கொல்லையில் இடமில்லாமல் வழக்கத்துக்கு மாறான பக்கத்திலிருந்து ஓடிவந்து பழகியதால் ஒரு புது முறையைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அதுவரை எல்லாரும் கம்பிக்கு எட்ட இருக்கிற வெளிக்காலில் உந்தி எழுந்தார்கள். ஹோரைன் கம்பிக்குக் கிட்ட இருக்கிற உள்காலில் உந்தினார். ஒருக்களித்துப் படுத்த நிலையில் கம்பியைக் கடந்து, உந்திய அதே காலும் கைகளும் ஊன்ற மணலில் இறங்கினார். ‘வெஸ்டர்ன் ரோல்’ இதுதான். அந்த ஆண்டு மே மாதம் பாலோ ஆல்டோவில் 2.00 மீட்டரைத் தாண்டிய முதல் மனிதரானார். எந்தக் காலில் உந்துவது என்பது பார்வையாளர் கண்ணுக்குப் படாத சின்ன விவரம். ஆனால் இந்த ஆட்டத்தின் வம்சாவளியை எழுத வேண்டுமென்றால் இந்த ஒரு விவரத்தை வைத்துத்தான் எழுத வேண்டும். வெளிக்கால் ஒரு குடும்பம், உள்கால் இன்னொரு குடும்பம். 1912இலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்கள் போட்டியில் உள்காலின் ஆட்சிதான்.

விதிப் புத்தகம் இன்னொரு பக்கம் குறுக்கே நின்றது. தலை முந்திக்கொண்டு போகக்கூடாது. அது தாண்டுதல் அல்ல, டைவ். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேப் டிட்ரிக்சனும் ஜீன் ஷைலியும் சமமாக உலக சாதனை உயரத்தைத் தாண்டி, முடிவு காண மறுபடி தாண்டினார்கள். டிட்ரிக்சன் தாண்டியது டைவ் என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். தங்கம் ஷைலிக்கு, வெள்ளி டிட்ரிக்சனுக்கு. அதுவரை போட்டி முழுவதும் அவர் அப்படித்தானே தாண்டிக்கொண்டிருந்தார் என்ற கேள்விக்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை. அந்த விதி 1930களிலேயே கைவிடப்பட்டது. கைவிடப்படாமல் இருந்திருந்தால் இன்று உலகில் எந்த உயரம் தாண்டும் வீரரும் ஒரு தாண்டலைக்கூடச் செல்லுபடியாக்க முடியாது. எல்லாருக்கும் தலைதான் முதலில் போகிறது. மிஞ்சிய பெரிய விதி ஒன்றே ஒன்று: ஒற்றைக் காலில் உந்த வேண்டும்.

விதி தளர்ந்ததும் வெஸ்டர்ன் ரோல் குப்புறக் கவிழ்ந்தது. வயிறு கம்பியைப் பார்க்க, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உருளுவது போன்ற ‘ஸ்டிராடில்’ முறை அது. 1936இல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் கார்னீலியஸ் ஜான்சனும் டேவிட் ஆல்பிரிட்டனும் ஒரே நாளில் 2.07 மீட்டர் தாண்டினார்கள். ஆல்பிரிட்டன் தாண்டியது ஸ்டிராடிலில். லெஸ் ஸ்டீர்ஸ் 1941இல் 2.11. சார்லஸ் டூமாஸ் 1956இல் 2.15, அதாவது ஏழடிக்குச் சற்று மேல். இந்த வரிசையில் ஒரு தமிழரும் அருகே நிற்கிறார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கியிலும், டூமாஸ் தங்கம் வென்ற 1956 மெல்போர்னிலும் இலங்கைக்காகத் தாண்டியவர். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீட்டர் தாண்டி, அந்தப் போட்டிகளில் இலங்கையின் முதல் தங்கத்தை வாங்கினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜான்சன் தங்கம் வாங்கிய உயரமும் அதே 2.03தான்.

ஸ்டிராடிலின் உச்சம் சோவியத் வீரர் வலேரி புரூமெல். 1961இல் 2.23 என்று தொடங்கி, 1963 ஜூலையில் மாஸ்கோவில் 2.28 வரை உலக சாதனையைக் கொண்டுபோனார். ஆள் 1.85 மீட்டர். தன் தலைக்கு மேல் 43 சென்டிமீட்டர் தாண்டியிருக்கிறார். அவர் பயிற்சியில் பளுதூக்கலுக்கு முக்கிய இடம் உண்டு. காரணம் இருக்கிறது: ஸ்டிராடிலில் தாண்டுகிறவர் கடைசி அடிகளில் முழங்காலை மடித்து உடம்பைத் தாழ்த்தி, மறுகாலை விறைப்பாக நீட்டி மேலே வீசி, அந்த ஒற்றைக் கால் பலத்தில் உடம்பைக் கிளப்ப வேண்டும். அதற்கு இரும்புத் தொடை வேண்டும். கற்றுக்கொள்ள ஆண்டுக்கணக்கில் பொறுமையும் வேண்டும். (காலுக்குப் பதில் செருப்பில் பலம் தேடியவர்களும் உண்டு. 1957இல் யூரி ஸ்டெபனோவ் 2.16 தாண்டியபோது உந்துகால் காலணியின் அடி தடித்திருந்தது. சாதனை நிலைத்தது, அடித்தட்டின் தடிமனுக்கு மட்டும் உடனே வரம்பு வந்தது.)

இத்தனை ஆண்டுகளில் கத்தரி முறை எங்கே போனது? பெண்கள் போட்டியில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் தோற்கடித்துக்கொண்டிருந்தது! ருமேனியாவின் அயோலாண்டா பலாஷ், நீண்ட கால்கள், கத்தரியைச் சற்று மாற்றிய பாணி. 1956இலிருந்து 1961வரை 14 உலக சாதனைகள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் 1.85 மீட்டர் தாண்டினார். வெள்ளி வாங்கியவர்களின் உயரம் 1.71. ஒலிம்பிக் உயரம் தாண்டுதலில் 14 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது போட்டியே இல்லை என்று அர்த்தம். 1961இல் அவர் வைத்த 1.91 பத்தாண்டு நின்றது. இதைப் பார்த்தும் பயிற்சியாளர்கள் கத்தரியைப் பழைய கஞ்சி என்றே ஒதுக்கினார்கள். ‘பலாஷ் உயரமானவர், அதனால் முடிகிறது’ என்று சொல்லிக் கடந்தார்கள். வெளிக்காலில் உந்துவதில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே யாராவது உட்கார்ந்து யோசித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. யோசிக்கவில்லை.

கடைசியில் யோசித்தது நிபுணர் அல்ல, தோற்றுக்கொண்டிருந்த ஒரு பையன்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மெட்ஃபோர்டு என்ற ஊர். டிக் ஃபாஸ்பரி 1947இல் பிறந்தவர். ஒல்லியாக, நெட்டையாக வளர்ந்தவர். பள்ளியில் பயிற்சியாளர் டீன் பென்சன் அவருக்கு ஸ்டிராடில் கற்றுக்கொடுத்தார். வரவில்லை. போட்டிகளில் தகுதி உயரமான 5 அடியைத் தாண்டவே திண்டாடினார். சின்ன வயதில் பழகிய கத்தரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டபோது, அது முன்னேற்றத்துக்கு வழியல்ல என்று தெரிந்தும், பையன் மனம் உடைந்துவிடக் கூடாதென்று பென்சன் சரி என்றார். 1963இல் பக்கத்து ஊரான கிரான்ட்ஸ் பாஸில் ஒரு போட்டி. அதுவரை ஃபாஸ்பரியின் சிறந்த உயரம் 5 அடி 4 அங்குலம்.

அன்று பிற்பகல் நடந்ததைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். கத்தரியில் தாண்டுகிறவர் கம்பியைத் தட்டுவது பெரும்பாலும் பிட்டத்தால். கம்பி ஏற ஏற, ஃபாஸ்பரி தன் பிட்டத்தைத் தூக்கப் பார்த்தார். உட்கார்ந்த நிலையில் ஒருவர் இடுப்பைத் தூக்கினால் தோள் தானாகப் பின்னால் சாயும். நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்து பார்த்தாலே தெரியும். இடுப்பு இன்னும் கொஞ்சம் மேலே, தோள் இன்னும் கொஞ்சம் பின்னால். ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு சாய்வு. போட்டி முடிந்தபோது 5 அடி 10 அங்குலம் தாண்டியிருந்தார். ஒரே நாளில் ஆறு அங்குலம். அப்போது கம்பிக்கு மேல் அவர் ஏறக்குறைய மல்லாந்து கிடந்தார். மற்றப் பள்ளிகளின் பயிற்சியாளர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒற்றைக் காலில் உந்தியிருக்கிறான். வேறென்ன சொல்ல முடியும்?

ஃபாஸ்பரி எதையும் ‘கண்டுபிடிக்க’ உட்காரவில்லை. ஸ்வீனி 1895இல் எந்த இடத்தில் நிறுத்தினாரோ அந்த இடத்தை, ஸ்வீனியைப் பற்றி எந்த யோசனையும் இல்லாமல், தோல்விக்குப் பயந்து தாண்டிப் போய்விட்டார். அன்றைய தாண்டல் இன்றைய முறையும் அல்ல. அடுத்த இரண்டு ஆண்டுகளில்தான் தோள் கம்பிக்கு முழுதாய்த் திரும்பியது, தலை முன்னால் போனது, நேராக ஓடிவந்த ஓட்டம் வளைந்தது. ஆனால் உந்துகால் மாறவே இல்லை. கத்தரியின் அதே வெளிக்கால். ஸ்டிராடிலை எத்தனை வருடம் இழைத்தாலும் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது. அது உள்காலின் கிளை. நவீன முறை மரத்தின் நுனிக்கொழுந்திலிருந்து வரவில்லை, அடித்தூரில் வெட்டிப்போட்ட இடத்திலிருந்து கிளைத்தது.

1964இல் மெட்ஃபோர்டு உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவர் படத்தைப் போட்டு, கம்பிக்கு மேல் ‘ஃப்ளாப்’ அடிக்கிறார் என்று அடிக்குறிப்பு எழுதியது. படகில் போட்ட மீன் துள்ளுவது மாதிரி இருக்கிறது என்பது அந்த நாளைய இன்னொரு கிண்டல். பொத்தென்று விழுவதும் ஃப்ளாப், படம் ஓடாவிட்டால் நாம் சொல்வதும் ஃப்ளாப். இரண்டு பொருளும் தெரிந்தேதான் ஃபாஸ்பரி அந்தப் பெயரை விரும்பி வைத்துக்கொண்டார். தமிழில் யாராவது பெயர் வைத்திருந்தால் இதைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும். புறமுதுகு காட்டுவதை நாம் இரண்டாயிரம் ஆண்டாக எப்படிப் பேசிவந்திருக்கிறோம் என்று தெரியுமல்லவா.

இப்போது மெத்தைக்கு வரலாம். நுரை மெத்தை வந்ததால்தான் ஃப்ளாப் பிறந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். தேதிகள் ஒத்துவரவில்லை. ஃபாஸ்பரி கிரான்ட்ஸ் பாஸில் மல்லாந்தது 1963இல். அவர் பள்ளியில் மரச்சீவல் குழிக்குப் பதிலாக மிருதுவான விரிப்பு வந்தது அதற்கு அடுத்த கல்வியாண்டில். அதே 1963 மே மாதம், மொன்டானா மாநிலத்துப் பள்ளிப் போட்டி ஒன்றில் வேறொரு மாணவன் முதுகைக் காட்டிக் கம்பியைக் கடப்பது புகைப்படத்தில் பதிவாகியிருக்கிறது. ஃபாஸ்பரியை அவன் பார்த்ததில்லை, அவனை ஃபாஸ்பரியும் பார்த்ததில்லை. ஆக, மெத்தை இந்த முறையைப் பெற்ற தாய் அல்ல. ஆனால் வளர்த்த தாய் அதுதான். ஒரு பையன் ஒரு பிற்பகலில் மரச்சீவலில் முதுகால் நாலைந்து தடவை விழுந்துவிடலாம். வாரத்துக்கு நூறு தடவை, வருடக்கணக்கில், ஒவ்வொரு தடவையும் இன்னும் உயரத்திலிருந்து பிடரி பட விழ வேண்டுமென்றால் மெத்தை இல்லாமல் ஆகாது. மொன்டானாப் பையனின் தாண்டல் ஒரு புகைப்படத்தோடு நின்றது. ஃபாஸ்பரியின் தாண்டல் நின்றுவிடாததற்கு அவர் பள்ளி மைதானத்து மெத்தையும் ஒரு காரணம்.

அந்த மெத்தையும் உயரம் தாண்டுகிறவர்களுக்காக மட்டும் வந்ததல்ல. 1960களின் தொடக்கத்தில் கோலூன்றித் தாண்டுகிறவர்கள் கண்ணாடியிழைக் கோலுக்கு மாறி ஐந்து மீட்டரைத் தொட்டார்கள். அந்த உயரத்திலிருந்து மணலில் விழச் சொன்னால் யார் விழுவார்கள்? மெத்தை கட்டாயமானது. அண்டை வீட்டுக்காரன் போட்ட பந்தலில் நம் கல்யாணமும் நடந்த கதை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டெபி பிரில் என்ற சிறுமிக்கு அவர் தந்தை ரப்பர் நுரைத் துண்டுகளைக் கொண்டு வீட்டிலேயே விழும் இடம் அமைத்துக் கொடுத்தார். ஃபாஸ்பரியைப் பற்றிக் கேள்விப்படாமலேயே 1960களின் நடுவில் அவரும் முதுகைக் காட்டித் தாண்டத் தொடங்கினார். ‘பிரில் வளைவு’ என்று அதற்கும் ஒரு பெயர் உண்டு. 1970 எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். மிருதுவாக விழ இடம் கிடைத்தால் குழந்தையின் உடம்பு தானே இந்த வழியைத் தேடிக்கொள்ளும் போலிருக்கிறது. ஒலிம்பிக் மேடை அவருக்கு முன் ஃபாஸ்பரிக்குக் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் இன்று நாம் வேறு பெயரைச் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி வாக்னர் என்ற பயிற்சியாளர் ஃபாஸ்பரியை மறுபடி உள்கால் வழிக்குத் திருப்பப் பார்த்தார். அவர் நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. அன்றைய ஆண்கள் உலக சாதனைகளெல்லாம் அவர் பக்கம் பேசின. தவறுகளைக் காட்டத் திரைப்படம் எடுத்துப் பார்த்தபோது, ஃபாஸ்பரியின் உடம்புக்கும் கம்பிக்கும் நடுவே தாராளமான இடைவெளி தெரிந்தது. இரண்டாம் ஆண்டின் முதல் போட்டியிலேயே பையன் 2.08 தாண்டிப் பல்கலைக்கழகச் சாதனையை உடைத்தார். வாக்னர் தன் திட்டத்தைக் கைவிட்டு இந்த முறையைப் படிக்கத் தொடங்கினார். நல்ல ஆசிரியருக்கு இதுவும் ஒரு அடையாளம்.

1968 அக்டோபர் 20, மெக்சிகோ நகரம். ஃபாஸ்பரி 2.22 வரை எல்லா உயரங்களையும் முதல் முயற்சியிலேயே தாண்டினார். மிஞ்சியவர்கள் மூவர். சோவியத்தின் வலென்டின் கவ்ரிலோவ் 2.20இல் நின்றார், எட் கரூதர்ஸ் 2.22இல். 2.24இல் ஃபாஸ்பரி இரண்டு முறை தட்டிவிட்டு மூன்றாவதில் தாண்டினார், ஒலிம்பிக் சாதனை. பிறகு உலக சாதனைக்காக 2.29 வைத்துப் பார்த்தார், முடியவில்லை. உலக சாதனை அவரிடம் ஒரு நாளும் இருந்ததில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த மைதானத்தில் இன்னொன்றும் புதிது: ஓடுதளம். ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் கரிச்சாம்பல் தளத்துக்குப் பதில் செயற்கைத் தளம் போட்டிருந்தார்கள். வளைந்து, வேகமாக, உள்பக்கம் சாய்ந்து ஓடுகிறவனுக்குப் பாதம் வழுக்காத தரை வேண்டும். சாம்பல் தளத்தில் நேராக ஓடுகிற ஸ்டிராடில்காரருக்கு அது அவ்வளவு அவசியமில்லை.

இந்த முறையில் அப்படி என்ன ஆதாயம்? வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் அழகானது. ஈரத்துண்டைக் கொடியில் காயப்போடுங்கள். துண்டு கொடிக்கு மேலாகத்தான் கிடக்கிறது, ஆனால் அதன் கனமெல்லாம் கொடிக்குக் கீழேதான் தொங்குகிறது. வில்லாக வளைந்த உடம்பும் அப்படித்தான். இடுப்பு கம்பிக்கு மேலே இருக்கும்போது தலையும் தோளும் அந்தப் பக்கம் இறங்கிவிட்டன, கால்கள் இந்தப் பக்கம் இன்னும் கீழே. ஆகவே உடம்பின் ஈர்ப்பு மையம் கம்பிக்குக் கீழே போனாலும் உடம்பு கம்பிக்கு மேலே போய்விடலாம். சரிதான். ஆனால் நன்றாகத் தாண்டுகிற ஸ்டிராடில் வீரரும் கம்பியைச் சுற்றி உடம்பைச் சுருட்டி ஏறக்குறைய இதே சிக்கனத்தைச் செய்தார். வளைவு மட்டும் காரணமென்றால் ஸ்டிராடில் அழிந்திருக்க வேண்டியதில்லை.

பெரிய ஆதாயம் தரையில் இருக்கிறது. ஆள் எழும்புவதற்கு முன்னால். இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜெசுஸ் டபேனா பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். பைக்கில் வளைவில் திரும்புகிறவர் எப்படி உள்பக்கம் சாய்கிறாரோ அப்படி ஃப்ளாப் வீரரும் ஓட்டத்தின் வளைவில் கம்பிக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்கிறார். சாய்ந்தால் உடம்பு தாழும். ஸ்டிராடில் வீரர் முழங்காலை மடித்து, வேகத்தைப் பலிகொடுத்துச் செய்ததை இவர் காலை அதிகம் மடிக்காமலே, வேகம் குறையாமலே செய்துவிடுகிறார். கடைசி அடியில் வெளிக்காலை ஊன்றியதும், சாய்ந்திருந்த உடம்பு நிமிர்கிறது. நிமிர்ந்த வேகம் அதோடு நிற்காமல் உடம்பைக் கம்பிப் பக்கம் புரட்டுகிறது. காற்றில் ஆள் திரும்புவதற்கான சுழற்சி தரையிலேயே வாங்கப்பட்டுவிட்டது. மேலே போய் வளைந்து கொடுத்தால் போதும். பளுதூக்கி வளர்த்த தொடை இல்லாத, ஸ்பிரிங் மாதிரித் துள்ளுகிற, வேகமாக ஓடத் தெரிந்த ஒல்லிப்பிச்சான்களுக்கு இதனால் கதவு திறந்தது. சுருக்கமாகச் சொன்னால், சீக்கிரம் கற்றுக்கொள்ள முடிந்தது.

அதற்குத்தான் அமெரிக்க ஒலிம்பிக் அணியின் பயிற்சியாளர் பேட்டன் ஜோர்டன் பயந்தார். பிள்ளைகள் ஃபாஸ்பரியைப் பார்த்துத் தாண்டினால் ஒரு தலைமுறையே கழுத்தை முறித்துக்கொள்ளும் என்று எச்சரித்தார். பயம் நியாயமானது, எல்லாப் பள்ளியிலும் அப்போது மெத்தை இல்லை. நம் ஊரில் இன்றைக்கும் பல பள்ளிகளில் இல்லை. அங்கே பிள்ளைகள் கத்தரியில் தாண்டுவது பழமை அல்ல, புத்திசாலித்தனம்.

மாற்றம் ஒரே இரவில் நடக்கவில்லை. 1971இல் பாட் மாட்ஸ்டோர்ஃப் 2.29 தாண்டிப் புரூமெலின் சாதனையை உடைத்தது ஸ்டிராடிலில். 1972 மியூனிக்கில் ஒரு வேடிக்கை: பெண்கள் தங்கத்தை 16 வயது உல்ரிகே மைஃபார்த் ஃப்ளாப்பில் வாங்கினார், ஆண்கள் தங்கத்தை ஜூரி டார்மக் ஸ்டிராடிலில் வாங்கினார். ஃபாஸ்பரி அந்த ஆண்டு அமெரிக்க அணியிலேயே இல்லை. 1973இல் டுவைட் ஸ்டோன்ஸ் 2.30 தாண்டியபோதுதான் ஆண்கள் உலக சாதனை முதல்முறையாக ஃப்ளாப் கைக்கு வந்தது. அதற்குப் பிறகும் ரோஸ்மேரி ஆக்கர்மன் 1977இல் பெர்லினில் இரண்டு மீட்டரைத் தாண்டிய முதல் பெண்ணானது ஸ்டிராடிலில்தான். உக்ரைனைச் சேர்ந்த விளாதிமிர் யாஷ்சென்கோ என்ற இளைஞர் 1977இல் 2.33, 1978இல் 2.34, உள்ளரங்கில் 2.35 என்று சாதனையைத் திரும்ப ஸ்டிராடிலுக்கே கொண்டுபோனார். பிறகு முழங்கால் போய்விட்டது. 1980 மாஸ்கோவில் கெர்ட் வெசிக் ஃப்ளாப்பில் 2.36 தாண்டினார். அதிலிருந்து 1993இல் ஹவியர் சோட்டோமேயரின் 2.45 வரைக்கும், 2024இல் யாரோஸ்லாவா மஹுச்சிக்கின் 2.10 வரைக்கும் ஒரே முறைதான்.

உள்காலின் குடும்பம் தோற்றது உயரத்தில் அல்ல, வாரிசில். எந்தப் பிள்ளையும் அதைக் கற்க வரவில்லை. மெத்தை கிடக்கும்போது முதுகால் விழுவதில் உள்ள குஷி ஒரு காரணம். ஆறு மாதத்தில் வருவதற்கு ஏன் ஆறு வருடம் என்பது இன்னொன்று. 1988 சோல் ஒலிம்பிக்கில் டெக்கத்லான் போட்டியில் கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்டியன் ஷெங்க் உயரம் தாண்ட வந்தபோது, எல்லாரும் ஃப்ளாப் அடிக்கிற களத்தில் அவர் ஒருவர் குப்புறக் கம்பியைச் சுற்றி உருண்டார். ஊக்கமருந்து எடுத்துக்கொண்டதைப் பின்னாளில் அவரே எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்று அவர் தாண்டிய உயரம் 2.27 மீட்டர். மெக்சிகோவில் ஃபாஸ்பரி தாண்டியதைவிட 3 சென்டிமீட்டர் அதிகம்.